என் பேத்தியின் கணக்கைத் திருப்பிக் கொடுத்த கர்த்தர்

டாக்டரம்மா ரெண்டு விரலை நீட்டி, "இது எத்தனைம்மா, சொல்லு" என்று கேட்டார். என் பேத்தி கிருபா அந்த விரலைப் பார்த்தாள். அப்புறம் சுவரைப் பார்த்தாள்.

போன வருஷம் கிறிஸ்துமஸ் வாரத்தில், விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நடந்தது இது. சகோதர சகோதரிகளே, அன்றைக்கு நான் உள்ளுக்குள்ளே இடிந்து போனேன். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் மூணாங்கிளாஸ் வரைக்கும்தான் படித்தவன். வல்லம் பக்கம் ஊர். அப்பா அம்மா அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. நான் திண்டிவனத்துக்கு வந்து தளம் போட முட்டும் பலகையும் அடிக்கிற சென்ட்ரிங் வேலையில் பலகை தூக்கினேன். இன்றைக்கு அதே ஊரில் காண்ட்ராக்டர். நான் தளம் போடாத தெரு ஒன்று அங்கே இருந்தால் காட்டுங்கள். நம்ம சபைக்கு மேல்தளம் போட்டதும் நான்தான். எத்தனை மழை வந்தது, ஒரு சொட்டு ஒழுகியதுண்டா? பெருமைக்குச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொல்கிறேன்.

கிருபா என் மகனுடைய மகள். பிளஸ் ஒன், கணக்கு குரூப். மற்ற பிள்ளைகள் செல்போனைத் தேடுவார்கள், இவள் கணக்கைத் தேடுவாள். பள்ளிக்கூடம் விட்டு அவளும் அவள் சிநேகிதிகள் ஷகிலாவும் தமிழரசியும் டவுன் பஸ்ஸில் வரும்போது, எதிரே வருகிற லாரி நம்பரைப் பார்த்து ஏழால் வகுபடுமா படாதா என்று சண்டை போடுவார்கள். முதலில் சரியாகச் சொன்னவளுக்கு ஜன்னல் சீட்டு. கண்டக்டர் ஒருநாள் என்னைப் பார்த்து, "பெரியவரே, உங்க வீட்டுப் பொண்ணும் அதோட கூட்டாளிங்களும் பஸ்ஸையே பரீட்சை ஹாலா மாத்திட்டாங்க" என்றார். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

ஊர் வாய் சும்மா இருக்குமா? "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குங்க இவ்ளோ கணக்கு? வேற ஏதாவது சுலுவா படிக்க வையுங்க" என்றார் பக்கத்து ஹார்டுவேர் கடைக்காரர். "அவளுக்குக் கணக்குதான்யா சுலுவு. வாய மூடிக்கினு யாவாரத்தப் பாரு" என்றேன். என் ரத்தம் இல்லையா அவள்? ஒரு கட்டடத்தைப் பார்த்தாலே எத்தனை பலகை வேண்டும் என்று சொல்கிற ஆள் நான்.

அப்படிப்பட்ட பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தோம். மறுநாள் காலையில் வலிப்பு வந்துவிட்டது. ஆம்புலன்ஸில் விழுப்புரம் கொண்டுபோனோம். மூளைக் காய்ச்சல் என்றார்கள். சில நாள் கண்ணே திறக்கவில்லை. திறந்த பிறகு பேச்சு இல்லை. அப்போதுதான் டாக்டரம்மா அந்த ரெண்டு விரலைக் காட்டினது.

எங்களை வராண்டாவுக்குக் கூப்பிட்டு மெதுவாகச் சொன்னார். "உயிருக்குப் பயமில்லைங்க ஐயா. ஆனா பழைய மாதிரி பேசுவாளா, படிப்பாளான்னு இப்ப சொல்ல முடியாது. பொறுத்துத்தான் பார்க்கணும்."

கிருபாவின் அம்மா, என் மருமகள் எஸ்தர், "கணக்கு போடுவாளா மேடம்?" என்று கேட்டாள். டாக்டரம்மா அவள் தோளைத் தொட்டார்.

என்னால் முடியாத வேலை என்று ஒன்றை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்குப் பார்த்தேன். வெளியே மரத்தடியில் நின்று ஜெபித்தேன். "ஆண்டவரே, சரியப் பார்த்த தளத்தையே முட்டுக் குடுத்து நிறுத்தினவன் நான். இதுக்கு எங்க முட்டுக் குடுக்கறதுன்னு எனக்குத் தெரியலப்பா. அந்தப் புள்ளைக்கு அவ கணக்கத் திருப்பிக் குடும்." அவ்வளவுதான். சபையில் என்னைவிட நீளமாக ஜெபிக்கிறவர் கிடையாது, உங்களுக்கே தெரியும். அன்றைக்கு அதற்குமேல் வார்த்தை வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையிலிருந்து சரோஜா அக்காவும் இன்னும் ரெண்டு சகோதரிகளும் பஸ் ஏறி வந்தார்கள். ஆயிரம் ஸ்தோத்திரம் சொல்லலாம் என்றார்கள். ஒவ்வொன்றாக ஆயிரம் முறை கர்த்தரைத் துதிப்பது நம் வழக்கம்தானே. அதற்கான சின்னப் புத்தகத்தை அவசரத்தில் மறந்துவிட்டு வந்திருந்தார்கள். "புத்தகம் எதுக்குக்கா? நான் வாயாலயே சொல்றேன், நீங்க பின்னால சொல்லுங்க" என்றேன். விரல் கணுவில் நூறு எண்ணுவது என் பொறுப்பு. நூறு முடிந்தால் சரோஜா அக்கா, பஸ் ஸ்டாண்டில் வாங்கின அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைப் பொட்டலத்திலிருந்து ஒன்றை எடுத்து ஸ்டூல் மேல் வைக்க வேண்டும். அப்படி ஏற்பாடு.

மெல்லிய குரலில் தொடங்கினோம். சுகம் தருகிறவரே ஸ்தோத்திரம், சுவாசம் தருகிறவரே ஸ்தோத்திரம் என்று போய்க்கினே இருந்தது. பக்கத்துக் கட்டிலில் திருவெண்ணெய்நல்லூர் அம்மா ஒருத்தர், நெற்றியில் விபூதியோடு, அவரும் கைகூப்பிக்கினு உட்கார்ந்தார். ஒரு கட்டத்தில் எனக்கு வார்த்தை தீர்ந்து போய், மணல் தந்தவரே, ஜல்லி தந்தவரே என்றெல்லாம் சொன்னேன். எஸ்தர் பல நாளைக்கு அப்புறம் சிரித்தாள்.

தண்ணீர் குடிக்க நிறுத்தினோம். ஸ்டூலைப் பார்த்தேன். "ஆறு மல்லாட்டை. அறுநூறு ஆயிடுச்சு. இன்னும் நானூறு" என்றேன்.

"ஏழு."

கம்மிப்போன குரல். எஸ்தர்தான் பேசுகிறாள் என்று நினைத்து, "ஆறுதாம்மா இருக்குது, நீயே எண்ணிப் பாரு" என்றேன். எஸ்தர் என்னைப் பார்க்கவே இல்லை. கட்டிலைப் பார்த்துக்கினு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எழுநூறு, தாத்தா" என்றாள் கிருபா. "முந்நூறுதான் பாக்கி. சரோஜா ஆயா ஒன்னத் தின்னுட்டாங்க."

சரோஜா அக்கா தன் கையைப் பார்த்தார். விரல் இடுக்கில் மல்லாட்டைத் தோல். "ஐயோ கர்த்தாவே, ஞாபகம் இல்லாம வாயில போட்டுக்கினேனே!" என்றார். அழுதாரா சிரித்தாரா, அவருக்கே தெரியாது. நான் வார்டு முழுக்கப் பார்க்க அழுதேன். யாருக்கும் பயந்து வாழ்ந்தவன் இல்லை நான், அழுவதற்கு மட்டும் பயப்படுவேனா?

மிச்சம் முந்நூறையும் சொல்லி முடித்தோம். எண்ணினது அவள்.

மறுநாள் டாக்டரம்மா பார்த்துவிட்டு, "மருந்து நல்லா வேலை செய்யுதுங்க ஐயா" என்றார். "மருந்தும் அவர் குடுத்ததுதாம்மா. உங்களையும் அவர்தான் குடுத்தார்" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே கிருபாவுக்கு மூணு விரல் காட்டினார்.

"மூணு மேடம்" என்றாள். "அன்னைக்கு ரெண்டு காட்டினீங்க. அதுவும் தெரிஞ்சுது. வாய்க்குத்தான் வரல."

எல்லாம் உடனே சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். எழுதினால் கை நடுங்கியது. சின்னக் கணக்கில் நின்றுவிட்டு அழுதாள். சனிக்கிழமைதோறும் ஷகிலாவும் தமிழரசியும் வந்து உட்காருவார்கள். "ஒடம்பு சரியில்லன்னு உனக்கெல்லாம் விட்டுக் குடுக்க மாட்டோம். ஜல்தியா சொல்லுடி" என்பாள் ஷகிலா. இவளுக்குக் கோபம் வரும். கோபத்தில் விடை வரும். கர்த்தர் எந்தெந்தக் கையால் எல்லாம் வைத்தியம் பார்க்கிறார் பாருங்கள்!

என் வீட்டு மொட்டை மாடியில் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து கணக்குப் போடக் கூரை போட்டுக் கொடுத்தேன். சுவரில் சிமெண்ட் பூசி நானே கரும்பலகை செய்தேன். வளவனூரிலிருந்துகூட ஒரு பெண்ணை அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து விடுகிறார். இப்போது தினமும் காலையில் வேலைக்குப் போகும் முன் அந்தக் கரும்பலகைக்கு எதிரே முழங்கால் போடுகிறேன். எழுதியிருப்பது ஒன்றும் எனக்குப் புரியாது. கர்த்தருக்குப் புரியும்.

உங்கள் வீட்டிலும் கணக்கு என்றால் கண் மின்னுகிற பெண் பிள்ளை இருப்பாள். அவளைத் தடுக்காதீர்கள். அவளுக்கு ஒரு கஷ்டம் வந்தால், கையை விரித்து உட்காராமல், இருக்கிற ஒரே வார்த்தையாலாவது கேளுங்கள். நீளம் வேண்டாம். என் குரலையே அவர் கேட்டார், உங்கள் குரலைக் கேட்க மாட்டாரா?

கிருபா இப்போது பிளஸ் டூ. "பரீட்சைக்கு நல்ல மார்க் கேட்டு ஜெபிக்கிறீங்களாண்ணே?" என்று சபையில் விசாரிக்கிறார்கள். இல்லை. கணக்குப் போட்டு முடித்ததும் அவள் தனக்குத்தானே ஒரு சிரிப்பு சிரிப்பாள். அதை மட்டும் எடுத்துவிடாதேயும் என்று கேட்கிறேன். மார்க்கை அவளே வாங்கிக்கொள்வாள். யார் பேத்தி அவள்!