படுத்துப் பார்க்க வேண்டிய கால்

பிரஷர் பார்க்கும் பட்டையைப் பிரிக்கையில் பர்ரென்று ஓர் ஓசை எழுமே, துணி கிழிவதுபோல, அது எங்கள் முடிச்சூர் வீட்டின் ஞாயிற்றுக்கிழமை ஓசை. காலைச் சாப்பாட்டுக்கு முன்னால் எல்லோரும் கையை நீட்டுவோம். நல்ல எண் வந்தவருக்கு முதல் இட்லி. பெரும்பாலும் ஜெயிப்பவர் அண்ணன். தாம்பரத்தில் காலமெல்லாம் ஆட்டோ ஓட்டியவர். ஆட்டோவை விட்டும் சிகரெட்டை விடாதவர். "வண்டிதான்டா ஓல்டு, இன்ஜின் புதுசு" என்று இட்லியை எடுத்துக்கொள்வார்.

சாயங்காலம் இருவரும் நடக்கப் போவோம். கொஞ்ச தூரம் போனதும் அண்ணன் நின்றுவிடுவார், ஏதாவது ஒரு பேனருக்கு முன்னால். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, எதுவானாலும் முழுக்கப் படிப்பார். "இருடா, மாப்ள வூட்டாளுங்க யாருன்னு பாத்துக்கினு வரேன்." நானும் விடமாட்டேன். "நீ நடக்க வந்தியாண்ணா, பேனர் படிக்க வந்தியா?" சிரிப்பார். ஒரு கையால் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். அந்தக் கையை நான் பார்த்தேன். அது என்ன செய்கிறதென்று பார்க்கவில்லை.

பிறகு ஒருநாள் வலியென்று வாய்விட்டே சொன்னார். நடந்தால் பிடிக்கிறது, நின்றால் விடுகிறது. கைப்பேசியில் யாரோ அனுப்பியதை நான் படித்திருந்தேன்: காலின் ரத்த அழுத்தம் கையைவிடக் குறைந்தால் ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கலாம். அவ்வளவுதானே என்று அவரை நாற்காலியில் உட்காரவைத்து, பட்டையைக் கணுக்காலில் சுற்றினேன். கையைவிடக் காலில் எக்கச்சக்கமாகக் காட்டியது. "அடைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. சோம்பேறித்தனம்" என்று தீர்ப்புச் சொன்னேன். அண்ணனுக்கு ஒரே குஷி. ஆட்டோ ஸ்டாண்டு முழுக்க, "என் தம்பியே டெஸ்ட் பண்ணிட்டான், காலு பர்ஸ்ட் கிளாஸ்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மழைக்காலம் வந்தது. சுண்டுவிரலில் செருப்பு கடித்த புண் ஆறவேயில்லை, கறுத்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவரை முதலில் படுக்கவைத்தார். சற்று நேரம் சும்மா படுத்திருக்கச் சொன்னார். பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பட்டை கட்டி, பேனா போன்ற கருவியால் ரத்தம் ஓடும் ஓசையைத் தேடினார். கையில் பலமாகக் கேட்ட ஓசை, வலது காலில் தூரத்து ரயில்போலத் தேய்ந்து கேட்டது. "கையில இருக்கறதுல பாதிதான் கால்ல இருக்கு."

"உட்கார்ந்து பார்த்தா?" என்று கேட்டேன்.

"உட்கார்ந்தா கால் கீழ தொங்குதில்ல, அதனாலயே கூடுதலா காட்டும். அதை நம்பக்கூடாது. ஏன் சார், முன்னாடி எங்கயாவது பாத்தீங்களா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் கூரையைப் பார்த்தபடி சொன்னார்: "இல்லம்மா. இதெல்லாம் நம்மளுக்கு இன்னா தெரியும்?"

அடைப்பை நீக்கினார்கள். கால் தப்பியது, சுண்டுவிரல் தப்பவில்லை. அன்று அவர் சொன்ன பொய்யைப் பற்றி நாங்கள் இன்றுவரை பேசியதில்லை. ஒரு வசவு வைதிருந்தால் வாங்கிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அவர் சிகரெட்டை விட்டார், என்னை மட்டும் விடவில்லை. எங்கே போனாலும் "தம்பி, வா" என்றுதான் கூப்பிடுகிறார். வலி வந்தால் நிற்க வேண்டும், போனதும் நடக்க வேண்டும் என்பது இப்போது டாக்டரம்மாவின் உத்தரவு. அவர் பேனருக்கு முன்னால் நிற்கும்போது நானும் நிற்கிறேன். எல்லாப் பெயர்களையும் படிக்கிறேன்.

இந்த ஞாயிறும் பட்டையை எடுத்தேன். கைக்குத்தான், நாற்காலியில் உட்கார்ந்தாலே போதும். நான் திரும்புவதற்குள் அண்ணன் கூடத்தில் பாயை விரித்து, காலை நீட்டிப் படுத்துவிட்டிருந்தார்.

"படுத்துட்டேன்டா. இப்ப கட்டு."

தரையில் மண்டியிட்டு, அவர் கையில் பட்டையைச் சுற்றினேன்.