ஊருக்குப் போகுமுன் ஏரி பார்த்தது

ஊருக்குத் திரும்புகிறோம் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் திரும்புகிறார், சரி. நான் எங்கே திரும்புவது? நான் பிறந்ததே கும்மிடிப்பூண்டி அகதி முகாமில். திருகோணமலையைப் போனில்தான் பார்த்திருக்கிறேன். எங்களுக்கு முன்பே போய்விட்ட அண்ணன், அப்பாவின் பழைய காணியில் கட்டுகிற வீட்டை வீடியோ எடுத்து அனுப்புவான். கூரை போட்டாயிற்று, வந்துவிடுங்கள் என்பான். போவதற்கு அனுமதி வந்த நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்கே வேலை கிடைக்குமா, என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்களா, பிடிக்காவிட்டால் மறுபடி இங்கே வர விடுவார்களா? மற்றதெல்லாம் கிடக்கட்டும், கடைசிக் கேள்விக்கு மட்டும் பதில் தெரியும். போனால் போனதுதான்.

இதை அப்பாவிடம் சொல்லவில்லை. சாகிறவரைக்கும் அகதி என்று கையெழுத்துப் போடமுடியாது என்று அவர் புலம்பியதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அம்மா இறந்துபோன பிறகு அந்தப் புலம்பல்தான் எங்கள் வீட்டுப் பேச்சு. இப்போது போய் எனக்குப் பயமாக இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது?

சிப்காட் தொழிற்பேட்டையில் என்னோடு பேக்கிங் லைனில் நின்ற அக்கா பழவேற்காட்டுக்காரி. நான் வேலையை விட்ட அன்று, இந்தப் பக்கம் என்னென்ன பார்த்திருக்கிறாய் என்று கேட்டாள். முகாம், கம்பெனி, மீஞ்சூரில் ஒரு கல்யாணம். அதற்குமேல் எனக்கு யோசனை ஓடவில்லை.

"இன்னாடி நீ, இத்தினி வருசம் இங்க இருந்துகினு ஏரியக்கூடப் பாக்காம போவியா? ஒரு ஞாயித்துக்கெயம அப்பாவ இட்டுகினு வா. எங்க ஊட்டுக்காரரு போட்டுலயே சுத்திக் காட்டறேன்" என்றாள்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. போவதற்குள் நாலு இடம் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் திருவள்ளூர் பெருமாள் கோயில். அங்கே குளத்தில் வெல்லம் கரைத்தால் உடம்பில் உள்ள நோயும் கரையும் என்பார்கள். அப்பா வெல்லத்தை வாங்கிக்கொண்டு மேல்படியிலேயே நின்று வீசினார். கீழே இறங்கமாட்டார். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடல் தாண்டி வந்தவர்; அதிலிருந்து தண்ணீர் என்றால் பத்தடி தள்ளித்தான் நிற்பார். பெயின்ட் அடிக்க மாடிக்கு வெளியே கயிற்றில் தொங்குகிற மனுஷன்! என்ன நோய்க்கு வெல்லம் என்று கேட்டேன். நெஞ்சைத் தடவிக்கொண்டு, சும்மாதான் என்றார்.

அதனால் அடுத்த ஞாயிறு பழவேற்காட்டில் அவர் படகில் ஏறமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஏறினார். ஏறி, என் மணிக்கட்டைப் பிடித்தவர் விடவே இல்லை. நகம் பதிந்துவிட்டது. பெரியவர் பயப்பட வேண்டாம், இறங்கி நின்றால் இடுப்பளவுதான் தண்ணீர் என்று அக்காவின் வீட்டுக்காரர் சிரித்தார். தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. அக்கா எனக்கு இறால் வறுவலை ஊட்டாத குறையாகக் கொடுத்தாள்.

பாதி தூரம் வந்ததும் அப்பா, கடல் சேருகிற இடம்வரை போகலாமா என்று கேட்டார். எனக்கு ஆச்சரியம். போனோம். இன்னும் கொஞ்சம் என்றார். அதற்குப் பிறகும் இன்னும் கொஞ்சம். தண்ணீர் வற்றுகிறது என்று படகுக்காரர் சொன்னதை அவர் காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் படகு சேற்றில் தட்டி நின்றிருக்காது.

அந்த நேரம் பார்த்துத்தான் போன் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண். சாயங்காலம் செக்கிங்காம், ஆபீசர்கள் வருகிறார்களாம், எங்கே இருக்கிறீர்கள் என்றாள். செக்கிங்கில் பெயர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் முகாம் பதிவில் பெயரை நிறுத்திவிடுவார்கள். போகிற நேரத்தில் நிறுத்தினால் அனுமதியே தள்ளிப்போகும், விசாரணை வேறு வரும் என்று முகாமில் சொல்வார்கள். நிஜமோ பொய்யோ, சோதித்துப் பார்க்கிற தைரியம் எங்களில் யாருக்கும் இருந்ததில்லை.

நான் தண்ணீரில் குதித்தேன். முழங்கால்வரை சேறு உள்ளே இழுத்தது. அக்காவும் அவள் வீட்டுக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தள்ளினார்கள். படகு அசையவில்லை. அப்பா மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்குங்கப்பா, கனம் குறையட்டும் என்று கத்தினேன்.

"கொஞ்சம் இருப்பம் பிள்ளை. பேரை வெட்டினா வெட்டட்டும்" என்றார்.

எனக்கு வந்ததே கோபம். இத்தனை நாள் புலம்பி, அனுமதிக்கு அலையவைத்து, நல்ல வேலையை விடவைத்து, இப்போது வெட்டட்டுமாம். என்ன விளையாடுகிறீர்களா என்று அக்கா முன்னாலேயே கேட்டுவிட்டேன்.

அவர் குனிந்து படகுப் பலகையைப் பார்த்தார். "அங்க எனக்கு ஆரைத் தெரியும்? தெரிஞ்ச சனமெல்லாம் போய்ச் சேர்ந்திட்டுது. பயமாக் கிடக்கு, பிள்ளை."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதே இல்லை. பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தவரைக்கும் எப்படியோ தாங்கிக்கொண்டேன். அவருக்கும் பயமென்றால் அங்கே போய் நான் யாரைப் பிடித்துக்கொள்வது? சேற்றில் நின்றபடி ஓவென்று அழுதேன். வெட்கம்தான், ஆனால் நிறுத்த முடியவில்லை.

அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, என் தோளைப் பிடித்து, ஒரு காலை இறக்கினார். மற்றக் காலையும் வைத்தார். கை கொடுத்துத் தள்ளினார். படகு நகர்ந்தது.

கரையிலிருந்து பொன்னேரிக்கு பஸ், பொன்னேரியிலிருந்து ரயில். காலில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. எதிரில் இருந்தவர்கள் எங்களை ஒருமாதிரி பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முகாமுக்குள் ஓடியபோது பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வரிசையின் கடைசியில் போய் நின்றோம். மூச்சு வாங்கி முடிப்பதற்குள் அப்பாவின் பெயர் வந்தது. முகாமிலேயே பெரிய குரலில் 'இருக்கிறன் ஐயா' என்கிறவர் அவர்; பிள்ளைகள் அதேபோல் சொல்லிக் காட்டிச் சிரிக்கும். அன்று வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடி கூப்பிட்டார்கள். நானும் சும்மா இருந்தால் போதும். போகவேண்டியதில்லை. அடுத்த மாதமும் இதே வரிசையில் நிற்கலாம், அதற்கடுத்த மாதமும், சாகிறவரைக்கும். அங்கே போவதைவிட அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

"இருக்கார் சார்" என்றேன்.

அடுத்தது என் பெயர். குரல் வரவில்லை. இரண்டாம் தடவையும் கூப்பிட்டார்கள். படகில் பிடித்த அதே இடத்தில் அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நிக்கிறா ஐயா" என்றார், முகாம் முழுக்கக் கேட்கும்படி.