பாலத்தில் நின்ற மான்செல்

எங்கள் கூம்ஹெஸ்கென் ஊர் ரக்பி மைதானத்துக்கு ஒரு பக்கம் ரோட்டுச் சுவர், மறுபக்கம் ஆறு. ஆற்றுப்பக்கம் உதைக்காதே என்று சொல்லிச் சொல்லித்தான் இங்கே பிள்ளைகளை வளர்க்கிறார்கள். இருந்தும் சனிக்கிழமை ஆட்டத்தில் ஒரு பந்தாவது ஆற்றுக்குப் போகாமல் இருந்ததில்லை. போனதும் ஆட்டக்காரர்கள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு பாலத்தைப் பார்ப்பார்கள். அங்கே மான்செல் புரோபர்ட் நிற்பார். கையில் நீளக் கழி, கழி நுனியில் உருளைக்கிழங்கு மூட்டைக்கான வலை. பந்து வரும்வரை அசையமாட்டார். அள்ளியதும் சுவருக்கு மேலாக உள்ளே எறிவார். யாரும் கைதட்டுவதில்லை. "வடக்கு!" என்று யாராவது ஒருவர் கத்துவார். நன்றி சொல்வது அப்படித்தான்.

அவருடைய பட்டப்பெயர் அது. ஊரில் பாதிப் பேருக்கு ஒரே குடும்பப் பெயர் என்பதால் பட்டப்பெயர் இல்லாமல் ஒருவரைத் தேடிப் பிடிக்க முடியாது. ரொட்டி சுடுகிறவர் 'ரொட்டி', பிணப்பெட்டி செய்கிறவர் 'கடைசி வீடு'. மான்செல் வடக்கே ஒரே ஒருமுறை போய்வந்தார். அது போதுமாக இருந்தது.

இங்கே ரக்பி ஆடுவது காசுக்காக அல்ல. இங்கிலாந்தின் வடக்கே அதே பந்தைக் கொஞ்சம் வேறு விதமாக ஆடினார்கள், ஆடியவர்களுக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அங்கே போய் ஆடியவன், ஆடிக்காட்டிவிட்டு மட்டும் வந்தவன்கூட, அப்புறம் எங்கள் பக்கத்தின் எந்தக் கிளப்பிலும் ஆயுளுக்கும் ஆடமுடியாது. எங்கள் கிளப்பின் பெரியவர்கள் அதோடு நிற்கவில்லை. கிளப் நிலத்திலேயே கால்வைக்கக் கூடாது என்று இன்னொரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

மான்செல் அப்போது கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாத சுரங்கத் தொழிலாளி. மைதானத்தின் ஓரத்தில் ஓடுகிறவர். அவர் ஓடும்போது புல்லுக்கு வலிக்காது என்பார்கள். அவரும் மனைவி நெஸ்டாவும் நெஸ்டாவின் அண்ணன் ஹாப்கின் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் இருந்தார்கள். நெஸ்டா கர்ப்பமாக இருந்தாள். வடக்கிலிருந்து தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு வந்த ஆள் ஒருவர், எங்களுக்கு ஆட வந்தால் தனி வீடு என்று சொன்னார். அத்தைக்குச் சாவு என்று சொல்லிவிட்டு, ஓர் ஆட்டம் ஆடிக்காட்ட மான்செல் ரயிலேறினார்.

இப்படிப் போகிறவர்கள் பெயரை மறைத்துத்தான் ஆடுவார்கள். மான்செல் பெயரை மறைத்தார். தலைமுடியைக்கூட ஒட்ட வெட்டிக்கொண்டார். காலுறையை மட்டும் மாற்றவில்லை. அது இல்லாமல் ஓட வராது என்பது அவர் நம்பிக்கை.

கிளப்பின் காலுறைகளையெல்லாம் ஹாப்கினின் மனைவி மோர்வென்தான் பின்னினாள். கறுப்பில் இரண்டு மஞ்சள் வளையம். மான்செலுக்கும் நெஸ்டாவுக்கும் நிச்சயமான அன்று, வீட்டு மாப்பிள்ளை என்று, அவர் ஜோடியில் மட்டும் மூன்றாவதாக ஒரு வளையம் போட்டுக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் வடக்கத்திப் பத்திரிகை ஒன்று முடிதிருத்தும் கடைக்கு வந்தது. அதில் ஒரு படம். யாரோ ஒருவன் கோட்டைத் தாண்டிப் பாய்ந்து விழுகிறான். முகம் சேற்றில் புதைந்திருக்கிறது. 'பெயர் தெரியாத ஆட்டக்காரர்' என்று கீழே போட்டிருந்தது. அங்கிருந்து அந்தத் தாள் மளிகைக்கடை வரிசைக்கு வந்து கை மாறியது. மோர்வென் அதை வாங்கிப் பார்த்தாள்.

"அடியே, இங்க பாருங்கடி! இது என் பின்னலாச்சே! மூணு வளையம்! என் கைவேலை பேப்பர்ல வந்திருக்கு!"

வரிசை முழுவதும் சிரித்தது. அப்புறம் ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். கடைசியாக நிறுத்தியவள் மோர்வென்.

வடக்கத்திக்காரர்கள் மான்செலை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். ஓட்டம் சரி, உடம்பு போதாது என்றார்களாம். அதனால் எதுவும் மாறவில்லை. திங்கட்கிழமை மாலை மழையில் பயிற்சிக்கு வந்தவரைக் கிளப் கதவில் நிறுத்தியது ஹாப்கின். அவர்தான் செயலாளர். பத்து நிமிஷத்துக்கு முன்புதான் இருவரும் ஒரே மேசையில் தேநீர் குடித்துவிட்டு, ஒருவர் பின்வாசல் வழியாகவும் ஒருவர் முன்வாசல் வழியாகவும் கிளம்பியிருந்தார்கள்.

"மான்செல் புரோபர்ட்! நீ உள்ள வரக் கூடாதுய்யா."

முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டார். மான்செல் திரும்பிப் போய்ப் பாலத்தில் நின்றார். பாலம் அரசாங்கத்துக்குச் சொந்தம். ஆறு யாருக்கும் சொந்தமில்லை.

மோர்வென் அதற்குப் பிறகு வளையமே பின்னவில்லை. எங்கள் காலுறை இன்றுவரை வெறும் கறுப்பு. கிளப்பின் பொன்விழா மலரில் 'மஞ்சள் நூல் தட்டுப்பாட்டால்' என்று எழுதியிருக்கிறார்கள்.

வீட்டில் ஹாப்கினும் மான்செலும் பேசிக்கொண்டார்கள். மச்சான் என்றும் மாப்ள என்றும்தான் கூப்பிட்டுக்கொண்டார்கள், ஒரே தோட்டத்தில் லீக்ஸ் வெங்காயம் பயிரிட்டார்கள். தேவாலயத்தில் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துப் பாடினார்கள். கதவைப் பற்றி மட்டும் பேச்சில்லை. ஆட்டம் முடிந்தபின் இரு அணிக்கும் கிளப் சமையலறையில் கறி உருண்டையும் பட்டாணியும் சமைத்தது நெஸ்டா. கணவருக்கு ஒரு தட்டை மூடி, பாலத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். அவர் சுவரில் வைத்துச் சாப்பிடுவார்.

மகள் டெலித்தின் கல்யாண விருந்து கிளப்பில்தான் நடந்தது. ஊரில் வேறு கூடம் கிடையாது. ஹாப்கின் வாசலுக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"மாப்ள, கமிட்டில பேசியாச்சு. இன்னிக்கு ஒருநாள் எல்லாரும் கண்ண மூடிக்கிறோம். சும்மா வந்துரு."

"எல்லாரும் கண்ண மூடிக்கிட்டா நான் வந்தது யாருக்கு மச்சான் தெரியும்?"

"உனக்குத் தெரியும்ல?"

"எனக்கு உள்ள வரணும். ஒளிஞ்சு நுழையறதுக்கு ஆசையில்ல."

படிக்கட்டுக்குக் கீழே, ரோட்டில் நின்றே கேக் சாப்பிட்டார். மகள் வெள்ளை உடையோடு வெளியே வந்து அங்கேயே அவரோடு ஒரு சுற்று ஆடினாள். ஒரு லாரி நின்று வழிவிட்டது.

தொண்ணூற்றைந்தாம் வருஷம் ஆகஸ்டில், எங்கோ தூரத்தில் மேசைபோட்டு உட்கார்ந்த ரக்பி அதிகாரிகள், இனி யாரும் சம்பளம் வாங்கியே ஆடலாம் என்று முடிவு செய்தார்கள். பழைய விலக்கல்களும் அதோடு போயின. எங்கள் ஊரில் அதைச் சிரித்தே தீர்த்தார்கள். "என் முட்டிக்கு என்ன தருவான்? வலது முட்டி, அதிகம் ஓடாதது!" என்று கேட்டார் பிணப்பெட்டி செய்கிற 'கடைசி வீடு'. பாலத்துப் பக்கம் மட்டும் யாரும் திரும்பவில்லை.

செப்டம்பரில் இரண்டு ஆட்டங்கள் போயின. ஹாப்கின் அசையவில்லை. மூன்றாவது சனிக்கிழமை நெஸ்டா கரண்டியைப் பட்டாணிச் சட்டியிலேயே விட்டுவிட்டுச் சொன்னாள்:

"அண்ணே, இன்னிக்கும் நீ போய்க் கூப்பிடலேன்னா, இருபத்தெட்டு பேருக்கும் நீயே பரிமாறிக்கோ. நானும் பாலத்துக்குப் போயிடுவேன்."

"முப்பது பேரு" என்றார் ஹாப்கின்.

"ரெண்டு பேருக்குப் பல்லு இல்ல. போ."

இடைவேளையில் அவர் கெட்ட முழங்காலை இழுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தார். என் வீட்டு ஜன்னல் பாலத்துக்கு நேர் எதிரே இருக்கிறது.

"மாப்ள, சட்டம் போயிருச்சு."

"பேப்பர்ல பாத்தேன்."

"அப்ப வர வேண்டியதுதானே?"

"சட்டத்துக்கு வாயிருக்கா மச்சான்? என்னை வராதேன்னு சொன்னது நீதானே?"

"நான் செயலாளரா சொன்னேன்."

"இப்பவும் நீதானே செயலாளரு? எங்க நின்னு சொன்னியோ அங்கயே நின்னு சொல்லு."

ஹாப்கின் வானத்தைப் பார்த்தார். "மழை வர்ற மாதிரி இருக்கு."

"அன்னிக்கும் மழைதான்."

ஹாப்கின் திரும்பி நடந்தார். அதற்குள் விஷயம் பரவி, கோப்பைகளோடு ஆட்கள் வாசலுக்கு வந்திருந்தார்கள். அவர் அவர்களை விலக்கிக்கொண்டு போய்க் கதவை முழுக்கத் திறந்து, நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"மான்செல் புரோபர்ட்! உள்ள வாய்யா!"

மான்செல் கழியைப் பாலத்துச் சுவரில் சாத்தினார். சரியாக நிற்கிறதா என்று பார்த்தார். பிறகு ரோட்டைக் கடந்து வந்து, மிதியடியில் காலை ரொம்ப நேரம் துடைத்தார். தெரு மொத்தமும் அவருக்குப் பின்னால் உள்ளே போனது. நானும் போனேன்.

சுவரில் மான்செல் வடக்கே போன வருஷத்துக் குழுப்படம் இருந்தது. கோப்பை வென்ற வருஷம் என்பதால் கழற்றாமல் விட்டிருந்தார்கள். முன்வரிசையில் மூன்று வளையக் கால்கள். மான்செல் கிட்டே போய்ப் பார்த்தார்.

"மோர்வென் நல்லாத்தான் பின்னியிருக்கா" என்றார்.

மோர்வென் இறந்து அப்போது நாலு வருஷம் ஆகியிருந்தது. நெஸ்டா தட்டைக் கொண்டுவந்து ஜன்னலோர மேசையில் வைத்தாள்.

"மூடி இல்லாம முதல் தடவை. சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க."

இரண்டாம் பாதி தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் எங்கள் பையன் ஒருவன் உதைத்த பந்து உயரே போய், காற்றில் திரும்பி, ஆற்றில் விழுந்தது. முப்பது பேரும் இடுப்பில் கைவைத்துப் பாலத்தைப் பார்த்தார்கள். பாலத்தில் கழி மட்டும் நின்றது.

"மாப்ள" என்றார் ஹாப்கின், "பந்து போகுது."

"தெரியுது."

"புதுப் பந்து."

"ஆமா. நல்லா மிதக்குது." மான்செல் கறி உருண்டையை இரண்டாக வெட்டினார். "யாராவது போனா, பாலத்தோட ரெண்டாவது வளைவுல நிக்கச் சொல்லு மச்சான். முதல் வளைவுல நின்னா தப்பிப் போயிரும்."

யாரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள். ஹாப்கின் கோட்டை எடுத்துக்கொண்டு, முழங்காலைத் திட்டியபடி வெளியே போனார். பாலத்தை அடைந்து கழியை எடுத்தார். முதல் வளைவில் நின்றார். பந்து இரண்டாவது வளைவுக்குக் கீழே போனது.

மைதானத்திலிருந்து யாரோ பழக்கதோஷத்தில் கத்தினார்கள்: "வடக்கு!"

ஹாப்கின் கையைத் தூக்கிக் காட்டினார்.

மான்செல் பட்டாணிக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டார்.