எத்தனையாவது மாடி?

எங்கள் கட்டடத்தின் படிகளைத் துடைக்கிற அக்காவுக்கு ஒரு பெயர் இருக்கத்தான் செய்யும். ஆனால் பதினோரு வருடமாக எல்லோருக்கும் அவர் படிக்கட்டு அக்காதான். ஐந்து தளம், பத்து வீடு, ஆறு மொழி. ஆறிலும் அவருக்குத் திட்டத் தெரியும். அவர் குடியிருப்பது படிக்கட்டுக்கு அடியில், நான்கு படி இறங்கிப் போகிற ஒற்றை அறையில். மழை பெய்தால் தெருச் சாக்கடை நேராக அங்கேதான் வரும். கட்டிலின் கால்களைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தார்.

போன மழையில் செங்கல்லும் முழுகிவிட்டது. அக்கா வார்டு அலுவலகத்துக்குப் போய்க் கத்தினார். அங்கிருந்த குமாஸ்தா வாக்காளர் பட்டியலைப் புரட்டிவிட்டு, "உங்க கட்டடத்துல மொத்தமே நாலு ஓட்டு. நாலு ஓட்டுக்கு யாரும்மா வந்து சாக்கடையைப் பாப்பாங்க?" என்றாராம்.

அன்று பிடித்தது எங்களுக்குச் சனி. அக்காவின் ஒரு கையில் வாளி, மறு கையில் பட்டியலில் பெயர் சேர்க்கும் படிவங்கள். கதவைத் தட்டினால் பேக்கரிக்காரர் தூக்கம் என்பார். பஸ் டிரைவர், "யாரு ஜெயிச்சா என்னக்கா, என் ரூட்டு மாறவா போகுது?" என்பார். நான் பல் மருத்துவமனையில் நாளெல்லாம் அடுத்தவர்களுக்குப் படிவம் நிரப்புகிறவன். வீட்டுக்கு வந்தால் பேனாவைப் பார்க்கவே அலுப்பு. மூன்று வாரம் 'நாளைக்கு' என்றேன்.

"உங்க நாளைக்கு எந்த வருஷம் தம்பி வருது?" என்று கேட்டுக் கதவருகிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுதிக் கொடுத்தேன்.

இப்படி, தன்னோடு சேர்த்து இருபத்திரண்டு படிவம் தேற்றினார். சரிபார்க்க வந்த அதிகாரி பாதிக்கு மேல் 'இந்த முகவரியில் ஆள் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்.

தப்பு எங்களுடையதுதான். வெள்ளையடித்தபோது கழற்றிய கதவு எண்களை யாரும் திரும்ப மாட்டவில்லை. அதனால் ஆளாளுக்கு மாடியை எழுதினோம். சிலருக்குத் தரைத்தளமே ஒன்றாவது மாடி. சிலருக்கு அதற்கு மேலேதான் கணக்கு தொடங்கும். நான் மூன்றாம் மாடி என்று எழுதினேன். எதிர்க்கதவு நர்ஸ் அதே மாடியை இரண்டு என்று எழுதினார். ஐந்தாம் மாடிக்காரரைத் தேடிப் போன அதிகாரி, மொட்டை மாடியில் காய்கிற துணிகளுக்கு நடுவே நின்றிருக்கிறார்.

"படிச்சவங்களாம்! குடியிருக்கற மாடி எதுன்னு தெரியல!" அக்கா பெயின்ட் வாங்கி வந்து, தரைத்தளத்திலிருந்து ஒன்று, இரண்டு என்று சுவரில் பெரிதாக எழுதினார். உச்சியில் குடியிருக்கும் டியூஷன் வாத்தியார் சண்டைக்கு வந்தார்.

"ஒம்பது வருஷமா நாலாம் மாடியில இருக்கேன். என்னைக் கேக்காம அஞ்சுக்கு எப்படி ஏத்துவீங்க?"

"ஏறி எறங்கித் தொடைக்கறவ நான். நான் எண்ணினதுதான் எண்ணிக்கை. போங்க உள்ள."

பெயர் சேர்க்கக் கடைசி நாள் மதியம் அதிகாரி மறுபடி வந்தார். சுவரைப் பார்த்துப் பார்த்து ஏறினார். இருபத்தொரு படிவமும் சரியானது. கடைசியாக அக்காவுடையதை எடுத்தார்.

"படிக்கட்டுக்குக் கீழன்னு போட்டிருக்கீங்க. இது எந்த மாடி? சுவர்ல ஒண்ணுலேர்ந்துதானே இருக்கு?"

ஊருக்கெல்லாம் எண் போட்டவர் தன் அறைக்குப் போட மறந்திருந்தார்.

"இங்கதான் இருக்கீங்கன்னு ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டா சேத்துக்கலாம். அஞ்சு மணிக்குப் பட்டியல் மூடிடும்" என்றார் அதிகாரி.

அக்கா யாரையும் கூப்பிடவில்லை. எத்தனை தடவை கூப்பிட்டு நாங்கள் வந்திருக்கிறோம்? எனக்கு வெட்கமாக இருந்தது. பேனாவோடு இறங்கினேன். பின்னாலேயே நர்ஸ் வந்தார். மாவுக் கையோடு பேக்கரிக்காரர், சீருடையோடு டிரைவர், கண்ணாடியைத் தேடிக்கொண்டே வாத்தியார். "ரெண்டு பேர்தான் கேட்டேன்" என்று அதிகாரி சொல்லிப் பார்த்தார். யாரும் கேட்கிறபாடாக இல்லை. ஓரத்திலெல்லாம் கையெழுத்து ஏறியது.

அக்கா அந்தக் காகிதத்தைப் பார்த்தார். கண் கலங்கியது. அப்புறம் படிகளைப் பார்த்தார்.

"மூணு வாரம் கெஞ்சினேன், ஒருத்தர் எறங்கல. இப்பத்தான் தொடைச்சேன், ஈரப் படியில மொத்தக் கட்டடமும் செருப்போட! ஓட்டு அன்னைக்கும் இப்படி எறங்கல, அப்புறம் தெரியும் சேதி."

இறங்கினோம். ஓட்டு நாள் காலை ஏழு மணிக்கு அவர் வாளியைத் தட்டிய தட்டில் இறங்காமல் இருக்க முடியாது.

அடுத்த மாதம் அந்தக் குமாஸ்தாவே இரண்டு ஆட்களோடு சாக்கடையைப் பார்க்க வந்தார். "தண்ணி வர்ற வீடு எந்த மாடி?" என்று வாசலில் நின்று கேட்டார்.

பத்து வீட்டு ஜன்னலிலிருந்தும் ஒரே பதில் வந்தது: "கீழ!"

அக்கா மட்டும், "செருப்பைக் கழட்டிட்டு வாங்க" என்றார்.