பிள்ளையின் புல்லும் என் மாரியும்

தெங்கேராவில் காப்பிக் கடைக்குப் பால் ஊற்றப் போயிருந்தேன். கடைக்காரர் செம்பை வாங்கிக்கொண்டே, "உங்க பக்கத்து வீட்டு சிட்டிப் பிள்ளை விடியக்காலையிலே போய்ட்டாராம்லா, தெரியாதா?" என்றார். நான் பால் கறந்துகொண்டு கிளம்பிய பிறகு நடந்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இறந்த செய்தியை ஊர் தாண்டி வந்து கேட்டேன். அவர் விஷயத்தில் அன்றும் நான் பிந்தித்தான் போனேன்.

சபாபதிப் பிள்ளை எத்தனை நல்லவர் என்று எங்கள் ஊர் காஜா பேராங் மக்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைத் தவிர எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நானும் அவரைப்போல மாடு வளர்த்துப் பால் ஊற்றுகிறவன். அவரைப் பார்த்து வருடக்கணக்கில் வயிறெரிந்தவன். அதையும் ஒருவர் எழுதத்தானே வேண்டும்.

முதலில் அவருடைய புல். இருவர் நிலத்துக்கும் ஒரே மண், ஒரே மழை. அவர் மூங்கில் முளையடித்து, தேங்காய்நார்க் கயிறு கட்டி, நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தார். மாடுகள் ஒரு துண்டில் மேயும். புல் நாலு விரல் உயரத்துக்குக் குறைந்ததும் அடுத்த துண்டுக்கு மாற்றிவிடுவார். இன்னும் மேயப் புல் இருக்கும்போதே ஓட்டுகிறாரே, மகா கஞ்சன் என்று நினைத்தேன். நான் தாராளப் பிரபுவாயிற்றே, மொத்தமாகத் திறந்துவிடுவேன். வெயில் காலத்தில் என் பக்கம் லாலாங் என்ற முரட்டுக் களைப்புல்லும் வெறும் மண்ணும்தான் இருக்கும். அவர் பக்கம் பச்சை கண்ணைப் பறிக்கும். ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேவிட்டேன். "ரும்புட் பூன் மாவ் தீடோர், தம்பி," என்றார். புல்லும் தூங்க வேண்டுமாம். சிட்டி மக்கள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து குடியேறிய தமிழர்கள்; இப்போது வீட்டில் பேசுவது மலாய்தான். அவருக்குத் தெரிந்த தமிழ், சாமி பெயர்களும் சில பலகாரப் பெயர்களும் அந்தத் 'தம்பி'யும்தான். அவர் தம்பி என்று அழைத்தால் கோபமே வராது. அதுவும் எனக்கு எரிச்சல்.

என் மாடுகளில் முதல்தரம் மாரி. மாரியம்மன் திருவிழா அன்று பிறந்ததால் அந்தப் பெயர். பிள்ளை சாயங்காலம் தன் மாடுகளைத் துண்டு மாற்றும்போது கயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "மாரி, மாரி" என்று கூப்பிடுவார். மலாயில் அதற்கு 'வா' என்று பொருள். எனக்கும் தெரியும்தான். கன்றுக்குப் பெயர் வைத்தபோது தோன்றவில்லை. மாரியோ தன்னைத்தான் அழைக்கிறார் என்று வேலியை முட்டித் தள்ளிக்கொண்டு, அவர் மாடுகளுக்கும் முன்னால் போய் நிற்கும். என் மாட்டை வேண்டுமென்றே மயக்குகிறார் என்று தெருவில் நின்று சண்டை போட்டேன். கூடியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவியும் சிரித்தாள்.

அவர் பெருந்தன்மையாக "சினி, சினி" என்று அழைத்துப் பார்த்தார். 'இங்கே' என்று அர்த்தம். அவர் மாடுகள் தலையைத் தூக்கி ஒருமுறை பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டன. நான் மாரிக்கு லட்சுமி என்று பெயர் மாற்றினேன். அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கடைசியில் இருவரும் பழைய வழிக்கே வந்தோம். அவர் பக்கம் மேய்ந்த நாளில் மாரி செம்பு நிறையப் பால் கறந்தது. பால் நமக்குத்தானே வருகிறது, ஏன் புலம்புகிறீர்கள் என்றாள் மனைவி. பால் எனக்குத்தான். மாடு யாருடையது என்பதுதான் என் கேள்வி.

நாடு விடுதலையாகி மெர்டேக்கா கொண்டாடிய நாளில் ஊரே திடலில் இருந்தது. நானும் தொண்டை கட்டக் கத்திவிட்டு வீடு திரும்பினால், நிறைசினையாக இருந்த மாரியைக் கொட்டிலில் காணோம். பிள்ளையின் நிலத்தில், அவர் மேயவிடாமல் வைத்திருந்த துண்டில் போய்க் கன்று ஈன்றிருந்தது. பிள்ளை கொண்டாட்டத்துக்கே போகவில்லை. சட்டையெல்லாம் நனைய, கன்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அனாக் பெதினா, தம்பி. பாகூஸ்," என்றார். பெண் கன்று, நல்லது என்று சொல்லி, அதைத் தூக்கி என் கையில் கொடுத்தார். மாரி என்னைப் பார்க்கவில்லை. அவர் கையைத்தான் நக்கிக்கொண்டு நின்றது.

அதன் பிறகு நானும் கயிறு வாங்கி முளையடித்தேன். அவர் வந்து பார்த்தார். ஒரு முளையைப் பிடுங்கிச் சற்றுத் தள்ளி நட்டுவிட்டுப் போனார். அடுத்த மழைக்கு என் புல்லும் தேறியது. மாரி போவது மட்டும் நிற்கவில்லை. அது புல்லுக்காகப் போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவரை எடுத்துப் போய்விட்டுத் திரும்பிய சாயங்காலம், மாடுகளைத் துண்டு மாற்ற ஆள் இல்லை. அவர் மகன் மாட்டைக் கண்டால் ஒதுங்குகிறவன். நீங்களாவது கூப்பிடுங்கள் என்று அவர் மனைவி கேட்டுக்கொண்டார். கயிற்றைத் தூக்கிப் பிடித்து "மாரி, மாரி" என்றேன். அவருடைய மாடுகள் அசையவில்லை. என் மாரி மட்டும் எழுந்து நேரே என்னிடம் வந்து நின்றது. இத்தனை வருடம் இதற்குத்தான் ஏங்கினேன். அந்தப் பக்கம் கூப்பிட ஆளில்லாதபோது வந்து என்ன பிரயோசனம்? அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன்.

அவர் புல் இன்றும் என் புல்லைவிடப் பச்சையாகத்தான் இருக்கிறது. பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. எரியட்டும். பிள்ளையிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது அது ஒன்றுதான்.