கோழிப்பண்ணையில் கிடந்த ஃபிரிட்ஜ்

வசந்தாமணிக்குக் கல்யாணச் சீராக அவளுடைய அப்பா ஒரு ஃபிரிட்ஜ் வாங்கிக் கொடுத்தார். சூரமங்கலத்தில் ரயில்வே கிளார்க்காக இருந்தவர் அவர். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய வெளிர்நீலப் பெட்டி அது. புதுச்சத்திரத்துக்குப் பக்கத்துத் தோட்டத்து வீட்டில் அது வந்து இறங்கிய அன்று, அக்கம்பக்கத்துப் பெண்கள் கதவைத் திறந்து கையை உள்ளே நீட்டி, சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்த வாரமே அவள் கணவனின் அண்ணன் குழந்தைவேல் ஆள் விட்டு அதைக் கோழிப்பண்ணைக்குத் தூக்கிப்போனார்.

"கோழிக் கழிச்சலுக்குப் போடற மருந்து குளுந்தாப்பல இருக்கோணும் அம்மிணி. ரெண்டு மாசத்துல பண்ணைக்கின்னு ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு இதத் திருப்பி அனுப்பிடறேன்."

வசந்தாமணி கணவன் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் பேசினால் சென்னிமலை தோளில் கிடக்கும் துண்டை எடுத்து மடிப்பான். அன்றைக்கும் மடித்தான்.

ரெண்டு மாசம் ஏழு வருஷமானது. முதலில் மருந்துப் புட்டிகள் மட்டும்தான் இருந்தன. பிறகு செத்த கோழிகளும் உள்ளே போயின. கோழி செத்தால் நாமக்கல் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் என்ன நோயென்று அறுத்துப் பார்க்க வேண்டும். லீவு நாளென்றால் ஆஸ்பத்திரி திறக்கும் வரைக்கும் ஃபிரிட்ஜில் கிடக்கும். ஒருமுறை அவள் பண்ணைக்குச் சோறு கொண்டுபோனபோது குழந்தைவேல் கதவைத் திறந்தார். ஐஸ் பிடித்த இரண்டு கோழிக்கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை ஒட்டினாற்போல் இருந்த தூக்குப்போசியை எடுத்து, மூடியைக் கழற்றி, மோரை மடமடவென்று குடித்தார். மீசையைத் துடைத்துக்கொண்டு, "குளுரு எல்லாக் கிருமியவும் கொன்னுபோடும்" என்றார்.

எண்பத்தாறில் அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்தார்கள். சென்னிமலைக்கு நாமக்கல்லில் தீவனக் கடை. கடைக்குப் பின் தெருவில் வீடும் பார்த்தாயிற்று. வசந்தாமணி கணவனிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்த ஃபிரிட்ஜ் நம்மளோட வரோணுங்க."

"அந்த நாத்தத்தையா? கடையில நாலு காசு வரட்டும், புதுசா வாங்கிக்கலாம்."

"எங்கப்பன் குடுத்ததுங்க அது."

வண்டி ஏற்றுவதற்கு மூன்று நாள் முன்பே சுவிட்சை நிறுத்தி, ஐஸைக் கரைத்து, உள்ளே இருப்பதை எடுத்துவிடச் சொல்லி அனுப்பியிருந்தாள். சுவிட்சை நிறுத்தியிருந்தார்கள், அவ்வளவுதான். வண்டி வருவதற்கு முந்தைய நாள் மத்தியானம் பண்ணைக்குப் போய்க் கதவைத் திறந்தபோது நாற்றம் முகத்தில் அறைந்தது. மூன்று கோழிகள் ஊறிப்போய், இறகு கழன்று, கம்பித் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. கரைந்த ஐஸ் பழுப்பு நிறத்தில் அடியில் தேங்கியிருந்தது. கதவு ரப்பரின் மடிப்பெல்லாம் சிறகும் பிசுக்கும். அவள் வாய்க்கால் ஓரம் ஓடிப்போய்க் குடலே வெளியே வருவது போல் வாந்தி எடுத்தாள்.

கோழிக் கொட்டாயில் வேலை செய்த மாரக்காள் குழி தோண்டிக் கோழிகளைப் புதைத்தாள். வசந்தாமணி முந்தானையை மூக்கில் கட்டிக்கொண்டு, வெந்நீரும் ஆப்பச்சோடாவும் போட்டுத் தேய்த்தாள். ரப்பர் மடிப்பைத் துணி சுற்றிய குச்சியால் அங்குலம் அங்குலமாகத் துடைத்தாள். பொழுது சாயும்வரை தேய்த்தும் நாற்றம் குறைந்ததே தவிரப் போகவில்லை. பெட்டி மேல் அவளுக்குக் கோபமில்லை. இதைத் தினம் திறந்து மூடியும் ஒன்றும் தோன்றாத ஆளை நினைத்தால்தான் குமட்டியது.

மறுநாள் காலையில் டெம்போ வந்தது. குழந்தைவேல் வெற்றிலையை மென்றபடி ஃபிரிட்ஜில் சாய்ந்து நின்றார்.

"படுக்கப் போட்டுடப்பா. மேல நாலு தீவன மூட்டை போட்டா ஒரே வாடகையில போயிரும்."

"படுக்கப் போடக்கூடாதுங்க மாமா" என்றாள் வசந்தாமணி. "மோட்டார்ல இருக்கற எண்ணெ குழாய்க்குள்ள ஏறிக்கும்."

"ஆரு சொன்னா?"

"வாங்கறப்பவே கடைக்காரர் சொன்னாருங்க. நிக்க வெச்சுத்தான் கொண்டுபோகோணும்."

அவர் திரும்பித் துப்பினார். சிவப்பு எச்சில் வெளிர்நீலத்தில் தெறித்து வழிந்தது. அவர் அதைப் பார்த்தார், ஆனால் துடைக்கவில்லை. வசந்தாமணி ஈரத்துணி கொண்டுவந்து துடைத்து, அந்தத் துணியை வேலிக்கு அப்பால் வீசினாள்.

டிரைவர் வேலுமணி கதவைக் கயிற்றால் இறுக்கிக் கட்டினார். தட்டுகளைத் தனியே பழஞ்சேலையில் சுற்றி வைத்தாயிற்று. நாலு பேர் தூக்கி, பெட்டியை நிமிர்ந்தவாக்கில் ஏற்றி, இரண்டு பக்கமும் மெத்தையை அணையாகக் கொடுத்துக் கட்டினார்கள். சென்னிமலை முன்னால் உட்கார்ந்துகொண்டான். அவள் பின்னால் ஏறிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தோட்டத்துத் தடத்தில் வேப்பங்கிளை தாழ்ந்திருந்த இடத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லி, கிளையைத் தூக்கிப் பிடித்துக் கடக்கவிட்டாள். ரோட்டில் லாரிகள் உரசினாற்போல் போயின. ஒவ்வொரு குலுக்கலுக்கும் பெட்டிக்குள்ளிருந்து அந்த வாடை கசிந்து வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டாளே ஒழிய கையை எடுக்கவில்லை.

புது வீட்டில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். பெட்டியை இறக்கியதும் சென்னிமலை பிளக்கைத் தேடினான். "ஒறம்பரையெல்லாம் வந்திருக்கறாங்க, போட்டுக் காட்டலாம்."

"ராத்திரி பூரா நிக்கட்டுங்க. எண்ணெ கீழ எறங்கோணும்."

விடிந்ததும் அவளே சுவிட்சைப் போட்டாள். மோட்டார் முனகியது, நின்றது, மறுபடி முனகிச் சீராக ஓடியது. ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்துவிட்டது. உள்ளே கரித்துண்டும் எலுமிச்சைத் தோலும் வைத்தாள். ஒரு வாரம் கழித்து முதல்முதலாகப் பாலை உள்ளே வைத்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை குழந்தைவேல் வந்தார். கையில் பேப்பரில் சுற்றிய பொட்டலம். நேராக ஃபிரிட்ஜைத் திறந்து, பால் சட்டியைத் தள்ளிவிட்டு அதை வைத்தார்.

"ரெண்டு கோழி அம்மிணி. நாளைக்கு ஆஸ்பத்திரி தொறந்ததும் வந்து எடுத்துக்கறேன். உங்க ஊடுன்னாப் பக்கம்."

பேப்பர் நனைந்து, அதிலிருந்து ஒரு சொட்டு நீர் பால் சட்டியின் மூடி மேல் விழுந்தது. வசந்தாமணி கணவனைப் பார்த்தாள்.

"ஒரு ராத்திரிதானே வசந்தா" என்றான் சென்னிமலை.

அவள் பொட்டலத்தை எடுத்தாள். வாசலுக்குப் போய், அதை ஒரு பைக்குள் போட்டு, மூத்தாரின் மோட்டார் சைக்கிள் கைப்பிடியில் மாட்டினாள்.

"செத்தது எதும் இனி இதுக்குள்ள வராதுங்க மாமா."

"டவுனுக்கு வந்ததும் அம்மிணிக்கு ரோசம் வந்திருச்சாட்ட இருக்குது."

"ஆமாங்க."

காபி குடிக்காமல் போய்விட்டார். பாலைச் சட்டியோடு கொண்டுபோய்ச் சாக்கடையில் ஊற்றி, சட்டியையும் குப்பையில் போட்டாள் அவள். சென்னிமலை இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த மாதக் கடைசியிலேயே பண்ணைக்குப் புது ஃபிரிட்ஜ் வந்துவிட்டதாகக் கேள்விப்பட்டாள். ஏழு வருஷம் முடியாதது அவருக்கு இருபது நாளில் முடிந்திருக்கிறது.

நோம்பி நொடி, விருந்து விசேஷமென்று குழந்தைவேல் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார். பந்தியில் அவர் குழம்புக் கரண்டிக்குக் கை நீட்டும் முன்னால் வசந்தாமணி ஓடிவந்து தானே பரிமாறிவிடுவாள். தண்ணீரைக்கூடச் சொம்பை அவர் தொடவிடாமல் அவளே ஊற்றுவாள். தன் மேல் வைத்திருக்கும் மரியாதை அது என்று அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டார்.