அம்மா தேர்ந்தெடுத்த கடற்கரை

சைப்பிரஸில் வீட்டுவேலைக்குப் போன அக்கா கடிதம் எழுத மாட்டாள், கேசட்தான் அனுப்புவாள். அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. தன் குரலையாவது அவள் கேட்கட்டும் என்று அக்கா நினைத்தாள். தொண்ணூறுகளின் கடைசியில், லிந்துலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பெண்ணை வெளிநாட்டுக்கு அனுப்பிய வீடுகளிலெல்லாம் இப்படி ஒரு பிஸ்கட் டின் நிறையக் குரல்கள் இருந்தன.

அக்கா சொல்லாமல் போனவள். ஒருநாள் விடியற்காலை அம்மா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் நின்று பேர் கொடுத்துக் கொழுந்து மலைக்கு ஏறிய நேரம், அவள் பையோடு தலவாக்கலையில் ரயில் ஏறிவிட்டாள். சொல்லியிருந்தால் அம்மா விட்டிருக்க மாட்டாள். அவளுக்குத் தன் மகள் டீச்சராக வேண்டும். அக்காவிடம் பேசுவதில்லை என்று அம்மா அன்று மூடிய வாய்தான். நானும் அப்பாவும் பதில் கேசட்டில் மழையைப் பற்றியும் மாரியம்மன் திருவிழாவைப் பற்றியும் பேசுவோம். அம்மா அடுப்பு ஊதிக்கொண்டிருப்பாள். "அம்மா இன்னமும் அடுப்புதான் ஊதுறாங்களா?" என்று அக்கா அடுத்த கேசட்டில் கேட்பாள். இப்படியே இரண்டரை வருடம் ஓடியது. அம்மாவின் பிடிவாதத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். அந்தப் பிடிவாதத்தில் பாதி என்னிடமும் இருப்பதால் அதிகம் பேச முடியாது.

அதன் பிறகு வந்த ஒரு கேசட்டில் இரண்டு செய்திகள் இருந்தன. முதலாவது, கான்ட்ராக்ட் முடியப்போகிறது, இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். "அம்மா மொகங்குடுக்காத வீட்டுக்கு வந்து என்னப்பா செய்யப்போறேன்? போட்டுறலாம்னுதான் இருக்கேன்" என்றாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

இரண்டாவது, அவள் வேலை செய்த வீட்டுக்காரர்கள் விடுமுறைக்குப் போகிறார்கள், அவளுக்கும் ஒருநாள் முழுதாக லீவு. கடற்கரைக்குப் போகப் போகிறாளாம். மூன்று இடம் சொன்னாள். ஒன்று டவுனை ஒட்டியது. மஞ்சள் மணல், வரிசையாகக் குடைகள், ஐஸ்கிரீம், எள் போட்டால் விழாத கூட்டம். இரண்டாவதில் மணல் சீனி மாதிரி வெள்ளை. அரைக் கட்டை தூரம் நடந்தாலும் தண்ணீர் இடுப்புக்கு மேல் ஏறாது, அடியில் கால் விரல் எண்ணலாம். மூன்றாவது, கடைசி பஸ் நிற்கும் இடத்துக்கும் அப்பால். வெறும் கல், கடை கிடையாது, ஆள் கிடையாது. "ஆனா சூரியன் அங்கதான் கடலுக்குள்ளருந்து எந்திரிக்குமாம். கூட வேலை செய்யிற பிலிப்பீன் புள்ள சொல்லுது. எங்க போறதுன்னு அம்மாவே சொல்லட்டும்."

கடலுக்குள்ளிருந்து சூரியன்! எங்கள் சூரியன் எட்டு மணிக்கு மேல் எதிர் மலையைத் தாண்டி, பனியைத் துடைத்துக்கொண்டு சோம்பேறியாக வரும். வீட்டில் இருந்த எங்கள் மூவரில் யாரும் கடல் பார்த்ததில்லை. பெரிய தண்ணீர் என்றால் கொத்மலை நீர்த்தேக்கம்தான். அதற்கும் அக்கரை உண்டு, அங்கே மாடு மேய்வது தெரியும். கால் விரல் தெரியும் கடலை நினைத்து எனக்குத் தூக்கமே வரவில்லை. நான் வெள்ளை மணல் கட்சி, அப்பா ஐஸ்கிரீம் கட்சி. இரண்டு நாள் சண்டை போட்டோம்.

மூன்றாம் நாள் மாலை, கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த அம்மா, சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள்.

"கூட்டத்துல போனா எவளாவது ஒருத்தி புள்ளயப் புடிச்சுக்கன்னு இவ கையில குடுப்பா. அங்கயும் ஆயா வேலதான்."

அப்பா கட்சி கலைந்தது.

"இடுப்பளவு தண்ணின்னா இவ நடந்துகிட்டே போயிருவா. போறதுக்குத்தான் தெரியும் அவளுக்கு, திரும்பத் தெரியாது."

என் கட்சியும் போயிற்று.

"அந்தக் கல்லுக் கடல் எந்தப் பக்கம் பாத்துருக்கு?"

நான் பாடசாலை அட்லஸை விரித்தேன். மத்தியதரைக் கடலில் விரல் நகம் அளவில் அந்தத் தீவு. அதன் கிழக்குக் கரையில் அடிமட்டத்தை வைத்து, அரபு நாடுகளைத் தாண்டி, பெருங்கடலைத் தாண்டி, எங்கள் இலங்கை வரைக்கும் கோடு இழுத்துக் காட்டினேன். அம்மா கொழுந்துக் கறை படிந்த விரலால் அந்தக் கோட்டின் மேல் மெதுவாகப் போனாள். ஒரு முனையில் அக்கா, மறுமுனையில் நாங்கள். நானே கீறிய கோடுதான், ஆனாலும் பார்க்கப் பார்க்க மலைப்பாக இருந்தது.

"அங்கதான் போகணும். நம்ம பக்கம் பாத்து நிக்கட்டும்."

"நீங்களே சொல்லுங்கம்மா" என்று டேப் ரெக்கார்டரை நீட்டினேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நான்தான் சொல்லி அனுப்பினேன்.

பதில் வர இரண்டு மாதமானது. தளர்ந்துபோன பேட்டரிகளை அடுப்போரம் வைத்துச் சூடாக்கிப் போட்டேன். கேசட்டில் முதலில் பேச்சே இல்லை. ஏதோ ஒன்று தூரத்திலிருந்து உருண்டு வந்து, கற்களை அள்ளி, சரசரவென்று பின்னால் இழுத்துக்கொண்டு போனது. மறுபடி வந்தது. கேசட் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

"கடலுடி" என்றார் அப்பா, ரகசியம் சொல்வதுபோல. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எங்கள் பத்தடிக் காம்பிரா அறைக்குள் கடல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்றார்கள்.

பிறகு அக்காவின் குரல். "அம்மா, நீங்க சொன்ன எடத்துலதான் நிக்கிறேன். இப்பதான் சூரியன் வருது. அக்கரையே இல்லம்மா. எம்புட்டுப் பாத்தாலும் இல்ல." கொஞ்ச நேரம் அலை மட்டும். அதன்பின் அவள் திடீரென்று கூப்பிட்டாள், நெஞ்சைத் திறந்து, நீட்டி: "அம்மோ... வ்!"

எதிர் மலையில் கொழுந்து பறிக்கும் தாயை லயத்துப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடுவோம். கையைக் குவித்து ஒரு குரல் கொடுத்தால் போதும். நூறு பெண்கள் நிற்கும் மலையிலிருந்து நம்முடைய அம்மா மட்டும் பதில் கொடுப்பாள்.

"ஓ... ய்!"

அடுப்படியில் இருந்த அம்மாதான். ஊதுகுழலைக் கையில் வைத்துக்கொண்டு, கூரைத் தகரம் அதிர, மலையில் நின்று கொடுப்பதுபோலவே கொடுத்துவிட்டாள். வாசலில் யாரோ சிரித்தார்கள், பிறகு அடக்கிக்கொண்டார்கள். அம்மா எங்களைப் பார்த்தாள், டேப்பைப் பார்த்தாள். கடல் தன்பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தது. அவள் முகம் கோணியது. நான் அதுவரை அம்மா அழுது பார்த்ததில்லை.

முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எதுல பேசணும்?" என்று கேட்டாள். வேறு கேசட்டைப் போட்டு, மைக் இருக்கும் சின்ன ஓட்டையைக் காட்டினேன். அதன்மேல் வாயை வைத்தே பேசினாள்.

"கையெழுத்துப் போடாத. கடலப் பாத்தது போதும். வீட்டுக்கு வா."

வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நான் பட்டனை அழுத்த மறந்திருந்தேன். சொன்னதும் நன்றாகத் திட்டு விழுந்தது. இந்த முறை ஒழுங்காக அழுத்தினேன். அம்மா மறுபடி ஓட்டையின் மேல் குனிந்தாள். பிறகு, "வந்துருடி, சாமி" என்று மட்டும் சொன்னாள்.